மிதவை விமானத்தில் நீர்ச்சுக்கான் கேபிள்: ஸ்பிரிங் வேண்டுமா, நேரடி இணைப்பே போதுமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ஒன்டாரியோவில், வீட்டுக் கராஜிலேயே இரண்டு இருக்கைகள் கொண்ட ஓர் அலுமினிய விமானத்தைக் கிட் வாங்கிக் கட்டி முடித்து, இரண்டு ஆண்டுகள் சக்கரத்தில் ஓட்டிய பிறகு, இந்த ஆண்டு அதை மிதவைகளின் மீது ஏற்றியிருக்கிறேன். இறக்கை மேலே அமைந்த, வால்சக்கர வகை விமானம். மிதவைகள் பழைய எடோ 1320. அந்த எண் ஒவ்வொரு மிதவையும் நன்னீரில் தாங்கும் எடையை ஏறத்தாழப் பவுண்டில் குறிப்பது. இரண்டும் சேர்ந்து 2,640 பவுண்டு என்பதால், 80 விழுக்காடு உபரி மிதப்பாற்றல் வேண்டும் என்ற வழக்கமான கணக்கின்படி 1,466 பவுண்டு வரை அனுமதிக்கலாம். என் விமானத்தின் உச்ச எடை 1,430 பவுண்டு. ஆகவே மிதவையின் அளவில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் சிக்கல் எல்லாம் நீர்ச்சுக்கான்களை, அதாவது தண்ணீரில் திரும்புவதற்காக மிதவைகளின் பின்முனையில் உள்ள சிறு சுக்கான் தகடுகளை, இயக்கும் கேபிள்களில்தான் இருக்கிறது.

நான் அமைத்த விதம் இது. இரண்டு பெடல்களிலும், வால்சுக்கான் கேபிள் பூட்டப்பட்டிருக்கும் இடத்திலேயே தனியாக ஒரு காது (கேபிள் மாட்டும் துளை) வைத்து, அதிலிருந்து 1/8 அங்குலக் கால்வனைஸ் கேபிளைத் தரைத் தகட்டின் வழியே கீழே இறக்கி, பின்தாங்கியின் அடியில் உள்ள கப்பியைச் சுற்றி, மிதவையின் மேல்தளத்தில் பின்னோக்கிக் கொண்டுபோய், அந்தந்தப் பக்க நீர்ச்சுக்கானின் வெளிப்புறக் கொம்பில் (சுக்கானைத் திருப்பும் நெம்புகையில்) பூட்டியிருக்கிறேன்; இதுதான் திருப்புக் கேபிள். இரண்டு சுக்கான்களின் உட்புறக் கொம்புகளையும் ஓர் இணைப்புக் கேபிள் இணைக்கிறது. மிதவைகளை விற்றவர் கொடுத்த பெட்டியில் இரண்டு ஸ்பிரிங்குகளும் இருந்தன. அவை திருப்புக் கேபிளின் நடுவில் வருபவை என்று தெரிந்தும், பெடலுக்கும் நீர்ச்சுக்கான் தகட்டுக்கும் இடையே தொய்வே இருக்கக் கூடாது என்று கருதி, அவற்றை விட்டுவிட்டு டர்ன்பக்கிள் (கேபிளை இறுக்கும் திருகு) மட்டும் வைத்து இறுக்கினேன். பிப்ரவரியில், கராஜுக்குள்ளேயே உறைநிலைக்குக் கீழே 5 பாகை இருந்த ஒரு நாளில் இந்த வேலையை முடித்தேன்.

இப்போது மூன்று குறைகள் தெரிகின்றன. முதலாவது, நீர்ச்சுக்கான்களைத் தூக்கிவிட்டுப் பறக்கும்போது சறுக்குமானியின் (விமானம் பக்கவாட்டில் சறுக்குவதைக் காட்டும் கருவியின்) பந்து வலப்பக்கம் ஒதுங்கியே நிற்கிறது. வலக்காலை விடாமல் அழுத்திக்கொண்டிருக்க வேண்டியுள்ளது. சக்கரத்தில் பறந்த இரண்டு ஆண்டுகளில் இது ஒருநாளும் இருந்ததில்லை. இரண்டாவது, ஏரியில் மெதுவாக ஓடும்போது வலப்பக்கம் நன்றாகத் திரும்பும் விமானம் இடப்பக்கம் திரும்ப இரண்டு மடங்கு இடம் கேட்கிறது. மூன்றாவது, வெயில் ஏறிய நாளில் பெடல்கள் கனக்கின்றன; காலையில் இலகுவாக இருப்பவை மதியத்தில் எண்ணெய் வற்றிய கதவுக் கீலைப் போல இருக்கின்றன.

நண்பர் ஒருவர், மிதவைகள் மூக்குப் பக்கம் நீண்டு நிற்பதால் திசை உறுதி குறைந்திருக்கும், வாலின் அடியில் ஒரு கூடுதல் துடுப்புத் தகடு வைத்தால் எல்லாம் சரியாகும் என்கிறார். அதைச் செய்வதற்கு முன், கேபிள் அமைப்பைப் பற்றி அனுபவம் உள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

முதல் பதில்

தம்பி, நான் பிரிட்டிஷ் கொலம்பியக் கரையில் பல ஆண்டுகள் பீவர் விமானங்களின் பராமரிப்பில் இருந்து ஓய்வுபெற்ற பொறியாளன். உங்கள் நண்பர் சொல்வது பொதுவாக உண்மைதான். புவியீர்ப்பு மையத்துக்கு முன்னால் மிதவையின் பக்கப் பரப்பு கூடும்போது விமானத்தின் திசை உறுதி குறையும், அதற்காகவே பல மிதவை விமானங்களில் வாலுக்கு அடியில் துடுப்பு வைக்கிறார்கள். ஆனால் திசை உறுதி குறைந்த விமானம் இரு பக்கமும் சமமாகத் தள்ளாடும். உங்கள் விமானம் ஒரே பக்கமாக இழுக்கிறது என்றால், எதுவோ அதை இழுக்கிறது என்றுதான் பொருள். துடுப்பை இப்போது வைக்காதீர்கள். வைத்தால் உண்மையான காரணம் அதன் பின்னால் மறைந்துவிடும்.

முதலில் ஸ்பிரிங் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் மூன்று குறைகளையும்விட அதுதான் என்னைக் கவலைப்பட வைத்தது. அந்த ஸ்பிரிங் தொய்வை எடுப்பதற்காகவோ காலுக்கு மென்மையாக இருப்பதற்காகவோ வைக்கப்படுவதல்ல. நீர்ச்சுக்கான் எங்கேயாவது சிக்கிக்கொண்டால், வால்சுக்கான் அதோடு சேர்ந்து சிக்கிக்கொள்ளாமல் இருப்பதற்காகத்தான் அது இருக்கிறது. நீர்ச்சுக்கான் சிக்குவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. படகுத்துறையில் இடித்துத் தகடு வளையலாம்; பாசியோ தூண்டில் நரம்போ தண்டில் சுற்றலாம்; அக்டோபர் கடைசியில் உங்கள் ஏரிகளில் கிளம்பும்போது தெறிக்கும் நீர், மேலே போனதும் கொம்பின் மீதும் கப்பியின் மீதும் பனிக்கட்டியாக உறையலாம். தண்ணீரில் இருக்கும்போது இது வெறும் தொல்லை. தரையிலிருந்து 1,000 அடியில், குறுக்குக் காற்றில் இறங்க வரும்போது, இரண்டு பெடல்களும் கல்லாக நின்றால் என்ன செய்வீர்கள்? உங்கள் இப்போதைய அமைப்பில், தண்ணீரில் நனையும், கல்லில் உரசும், நாய்கூடக் கடிக்கக்கூடிய உயரத்தில் இருக்கும் ஒரு தகட்டிடம் உங்கள் வால்சுக்கானைப் பணயமாக வைத்திருக்கிறீர்கள். ஆகவே ஸ்பிரிங் கட்டாயம், இரண்டு பக்கமும்.

இனி உங்கள் முதற்குறை. நீர்ச்சுக்கானைத் தூக்கிய நிலையில் இழுப்பு வருகிறது என்பது முக்கியமான தடயம். இதைச் செய்து பாருங்கள். விமானத்தைத் தள்ளுவண்டியில் ஏற்றி, வால்சுக்கானின் பின்விளிம்புக்கு எதிரே, அசையாத ஏதாவது ஒன்றில் ஒரு பென்சில் முனை தொடும்படி நிறுத்துங்கள். பெடல்களில் யாரும் கால் வைக்கக் கூடாது. நீர்ச்சுக்கான்கள் கீழே இருக்கும்போது பின்விளிம்பில் ஒரு கோடு போடுங்கள். பிறகு விமானி அறைக்குள் போய், தூக்குக் கேபிளின் கைப்பிடியை இழுத்துக் கொக்கியில் மாட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு நகர்ந்திருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. தூக்குக் கேபிள், நீர்ச்சுக்கான் திரும்பும் தண்டின் அச்சுக்கு நேராக முன்னோக்கிப் போக வேண்டும். அதன் முதல் கப்பி அச்சிலிருந்து இடப்பக்கமாக ஓர் அங்குலம் விலகியிருந்தாலும், கேபிள் இறுகும்போது தூக்கப்பட்ட தகட்டின் பின்முனை இடப்பக்கம் சாயும். அது திருப்புக் கேபிளை இழுக்கும், அது பெடலை இழுக்கும், பெடல் வால்சுக்கானை இழுக்கும். ஸ்பிரிங் இல்லாத அமைப்பில் இதை நடுவில் நிறுத்த ஒன்றுமே இல்லை. பொதுவாக இரண்டு மிதவைகளும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இருப்பதால் இந்த விலகல்கள் இணைப்புக் கேபிளில் மோதி ஒன்றையொன்று சமன்செய்துவிடும். பழைய மிதவைகளில் ஒரு பக்கத் தாங்கியை மறுபக்கத்திலும் போட்டு வைத்திருப்பதை நான் கண்டிருக்கிறேன். உங்களுடையதில் கப்பிகள் இரண்டும் ஒரே பக்கம் நோக்கியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

இரண்டாவது குறைக்கு, இடப்பெடலை முழுக்க அழுத்தி ஒருவரை உட்கார வைத்துவிட்டு, மிதவையின் மேல்தளத்தில் அந்தக் கேபிளை முழு நீளமும் கையால் தடவிப் பாருங்கள். கேபிள் முனையைத் திம்பிள் என்ற உலோக வளைவைச் சுற்றி மடக்கி, அதைப் பிடிக்க நைக்கோபிரஸ் என்ற செம்புக் குழலை அழுத்தியிருப்பீர்கள். அந்தக் குழல், முழு அசைவின் எந்த நிலையிலும் கப்பிக்கோ வழிகாட்டி வளையத்துக்கோ இரண்டு அங்குலத்துக்குள் வரக் கூடாது என்பது அமெரிக்கப் பராமரிப்புக் கையேடான ஏசி 43.13-1பி சொல்லும் அளவு. உங்கள் இடப்பக்கக் குழல் வளையத்தில் முட்டி நிற்கிறது என்பது என் ஊகம். ஊகம் சரியென்றால், குறைந்தது தண்ணீரில் திரும்பும் அளவு மட்டுமல்ல. ஆகாயத்தில் உங்கள் வால்சுக்கானின் இடப்பக்க அசைவும் அதே இடத்தில் நின்றிருக்கிறது. கண்டுபிடித்து முடிக்கும்வரை பறக்காதீர்கள்.

வளையங்களைப் பற்றி இன்னொன்று. வளையம் கேபிளை வழிநடத்தத்தான், திருப்புவதற்கல்ல. நேர்கோட்டிலிருந்து 3 பாகைக்கு மேல் கேபிளை வளைக்க வேண்டிய இடத்தில் கப்பிதான் போட வேண்டும். கப்பி ஒவ்வொன்றிலும் கேபிள் வெளியே குதிக்காமல் காக்கும் ஊசி இருக்க வேண்டும். தொய்வான கேபிள் கப்பியின் பள்ளத்தை விட்டு வெளியேறித் தாங்கித் தகட்டுக்கும் கப்பிக்கும் இடையில் கடிபடுவதுதான் நான் கண்ட சிக்கல்களிலேயே மோசமானது. அது அசைவதும் இல்லை, அறுவதும் இல்லை.

வெயிலில் கனப்பது வெறும் இயற்பியல். அலுமினியம் ஒரு பாகைக்கு மீட்டரில் 23 மைக்ரோமீட்டர் விரியும். சாதாரண எஃகு ஏறத்தாழ 12. பெடலிலிருந்து நீர்ச்சுக்கான்வரை 5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், நீங்கள் பூட்டிய பிப்ரவரிக் குளிருக்கும் ஜூலை வெயிலில் நிற்கும் அலுமினியத்துக்கும் இடையே 40 பாகை வித்தியாசத்தில், விமானம் கேபிளைவிட 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே நீண்டுவிடும். ஸ்பிரிங் இருந்தால் அந்த 2 மில்லிமீட்டரை அது விழுங்கிவிடும். இல்லாதபோது அது முழுவதும் இழுவிசையாக மாறிக் கப்பிகளின் தாங்கிகளை அமுக்குகிறது. எஃகுக் குழாய்ச் சட்டம் உள்ள விமானத்தில் இந்தச் சிக்கல் குறைவாக இருக்கும்.

கடைசியாகக் கேபிள். ஏரியில் மட்டுமே ஓடுவதாக இருந்தாலும், மிதவையின் மேல்தளத்தில் ஓடும் பகுதிக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கேபிளையே நான் போடுவேன். 1/8 அங்குல 7க்கு 19 பின்னலில் (19 இழைகள் கொண்ட 7 புரிகள்) கால்வனைஸ் 2,000 பவுண்டு தாங்கும், துருப்பிடிக்காதது 1,760 தாங்கும். நீர்ச்சுக்கானுக்கு இரண்டுமே தேவைக்கு மிக மிஞ்சியவை. துருப்பிடிக்காத கேபிளில் வெறும் செம்புக் குழலைப் போடாதீர்கள், துத்தநாகம் பூசியதைப் போடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு உலோகங்களும் ஈரத்தில் ஒன்றையொன்று அரிக்கும். இந்த அளவுக்கு மூன்று அழுத்தம், முதலில் நடு, அடுத்து திம்பிள் பக்கம், பிறகு வால் பக்கம். அழுத்திய பிறகு, அழுத்தம் போதுமா என்று காட்டும் அளவுத் தகட்டை நுழைத்துப் பார்க்காமல் எந்தக் குழலையும் நம்பாதீர்கள்.

இரண்டாவது பதில்

மேலே ஐயா எழுதியதை முழுவதும் ஏற்றுக்கொள்கிறேன். இணைப்புக் கேபிளைப் பற்றி மட்டும் என் அனுபவத்தைச் சேர்க்கிறேன், ஏனென்றால் கேள்வியில் அது ஒரே வரியில் கடந்துபோய்விட்டது.

நானும் வீட்டில் கட்டியவன்தான். என் விமானத்தில் இணைப்புக் கேபிள் உட்புறக் கொம்பிலிருந்து முன்னோக்கிப் போய், மிதவைகளை இணைக்கும் குறுக்குக் குழாயில் உள்ள கப்பியைச் சுற்றி, மறுபக்கம் போய், மறுபடியும் பின்னோக்கித் திரும்பி அடுத்த உட்புறக் கொம்புக்கு வர வேண்டும். இடப்பெடலை அழுத்தினால் இடச்சுக்கானின் வெளிப்புறக் கொம்பு முன்னே வரும், உட்புறக் கொம்பு பின்னே போகும். பின்னே போகும் அந்தக் கொம்பு, கப்பிகளைச் சுற்றி வலச்சுக்கானின் உட்புறக் கொம்பை முன்னே இழுக்கும். இரண்டு தகடுகளும் ஒரே பக்கம் திரும்பும். ஒருநாள் வர்ணம் பூசுவதற்காக எல்லாவற்றையும் கழற்றி மறுபடி பூட்டியபோது, வலது மிதவையில் நான் இந்த இணைப்புக் கேபிளை வெளிப்புறக் கொம்பிலும், திருப்புக் கேபிளை உட்புறக் கொம்பிலும் மாட்டிவிட்டேன். இரண்டும் ஒரே நீளம், ஒரே பூட்டூசி, பார்வைக்கு எந்தக் குறையும் இல்லை. கேபிள்கள் இறுக்கமாக, டர்ன்பக்கிள்கள் முறைப்படி பூட்டுக்கம்பி சுற்றப்பட்டு, அழகாக இருந்தன.

அதைக் கண்டுபிடித்தவள் என் மகள். நான் உள்ளே உட்கார்ந்து பெடலை அழுத்த, அவள் பின்னால் நின்று, தகடு எந்தப் பக்கம் போகிறது என்று உரக்கச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. இடப்பெடலை அழுத்தினேன். "இந்தத் தகடு இடப்பக்கம், அந்தத் தகடு வலப்பக்கம், அப்பா, இப்படித்தான் இருக்க வேண்டுமா?" என்று கேட்டாள். அன்று முதல் எந்தச் சிறு வேலைக்குப் பிறகும், வேலை செய்யாத ஒருவர் பின்னால் நின்று திசையைச் சொல்லாமல் நான் தண்ணீரில் இறக்குவதில்லை. கனடாவில் கட்டுப்பாட்டு அமைப்பைக் கலைத்துச் செய்யும் பராமரிப்புக்குப் பிறகு பூட்டு, பொருத்தம், அசைவின் திசை ஆகிய மூன்றையும் இருவர் சரிபார்க்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. பலர் அதைக் கையெழுத்துக்கான சடங்காக நினைக்கிறார்கள். கையெழுத்திடுபவர் பெடலருகே நிற்காமல் தகட்டருகே நிற்க வேண்டும்.

நீங்கள் கொம்பில் மாட்டும் பூட்டூசிகளை இரண்டு வெவ்வேறு விட்டங்களில் போட்டுவிட்டால் மாற்றி மாட்டவே முடியாது. நான் அப்படித்தான் செய்திருக்கிறேன்.

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்ன சோதனைகளை இந்த வார இறுதியில் செய்து பார்த்தேன்.

பென்சில் சோதனையில், கைப்பிடியைக் கொக்கியில் மாட்டியதும் வால்சுக்கானின் பின்விளிம்பு இடப்பக்கம் 9 மில்லிமீட்டர் நகர்ந்தது. என் சுக்கானின் அகலத்துக்கு அது ஒன்றேகால் பாகைக்குச் சற்று மேல். கைப்பிடியை விட்டதும் திரும்பி வந்தது. மிதவைகளின் பின்முனையில் குனிந்து பார்த்தபோது, தூக்குக் கேபிளின் கப்பித் தாங்கிகள் இரண்டும் அச்சைவிட இடப்பக்கமாக விலகி நிற்பதைக் கண்டேன். இரண்டு ஆண்டுகளாக என் கராஜில் கிடந்த மிதவைகள் இவை. ஒருமுறைகூட இரண்டையும் ஒரே நேரத்தில் பின்னாலிருந்து பார்க்கத் தோன்றவில்லை.

இடப்பெடலில் மனைவியை உட்கார வைத்துவிட்டுக் கேபிளைத் தடவினேன். ஐயாவின் ஊகம் அப்படியே சரி. வெளிப்புறக் கொம்பருகே உள்ள குழல், தளத்தில் உள்ள வளையத்தின் வாயில் முட்டி நிற்கிறது. குழலின் முன்விளிம்பில் பூச்சு முழுவதும் உரசிப் போய், செம்பு புது நாணயம்போலப் பளபளக்கிறது. வளையத்தின் வெள்ளை நைலானில் அதே அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. வால்சுக்கானைக் கோணமானி வைத்து அளந்தேன்: வலப்பக்கம் 25 பாகை, இடப்பக்கம் 17. இந்த 17 பாகையுடன் நான் கடந்த மாதம் எட்டு முறை பறந்து இறங்கியிருக்கிறேன் என்பதை நினைக்கும்போது கை நடுங்குகிறது.

வளையத்தை 4 அங்குலம் முன்னால் நகர்த்துகிறேன், வலது மிதவையின் கப்பித் தாங்கியைப் புதிதாக வளைத்துச் செய்கிறேன், ஸ்பிரிங்குகளைப் போடுகிறேன். இங்கேதான் எனக்கு அடுத்த கேள்வி. பெட்டியில் இருந்த ஸ்பிரிங்குகள் எவ்வளவு வலுவானவை என்று எதிலும் எழுதியில்லை. மிக மென்மையாக இருந்தால் தண்ணீரில் தகடு திரும்பாது, மிக வலுவாக இருந்தால் இருந்தும் பயனில்லை. எப்படித் தீர்மானிப்பது? என் வால்சுக்கான் கொம்பின் நீளம் 3 அங்குலம், நீர்ச்சுக்கான் கொம்பு 2.5 அங்குலம், தகடு ஏறத்தாழ 6க்கு 6 அங்குலம்.

மூன்றாவது பதில்

நான் இயந்திரப் பொறியியல் கற்பிப்பவன். மிதவை விமானத்தில் பயணியாக மட்டுமே ஏறியிருக்கிறேன். ஆனால் உங்கள் கடைசிக் கேள்வி முழுக்கக் கணக்கில் தீரக்கூடியது என்பதால் எழுதுகிறேன்.

முதலில் அசைவு. 3 அங்குலக் கொம்பு 25 பாகை திரும்பினால் கேபிள் 1.27 அங்குலம் நகர்கிறது. பெடலின் காதும் அதே அளவு நகர்வதாகக் கொண்டால், 2.5 அங்குலக் கொம்பு உள்ள நீர்ச்சுக்கான் ஏறத்தாழ 30 பாகை திரும்பும். அதற்கு மேல் திருப்பினால் தகடு திருப்புவதைவிடத் தடுப்பதையே அதிகம் செய்யும் என்பதால் இந்த விகிதத்தை மாற்ற வேண்டியதில்லை.

அடுத்து, தண்ணீரில் தகட்டுக்கு எவ்வளவு விசை வேண்டும் என்பது. காற்றைவிட நீர் 800 மடங்கு அடர்த்தியானது என்பதால் சிறு தகட்டுக்கும் கணிசமான விசை வரும். 3 நாட் (மணிக்கு 3 கடல் மைல்) வேகத்தில், கால் சதுர அடித் தகட்டில், முழுக்கத் திருப்பிய நிலையில், ஏறத்தாழ 6.2 பவுண்டு. அந்த விசை தண்டுக்கு 3 அங்குலம் பின்னால் செயல்படுவதாகக் கொண்டால், கொம்பில் ஏறத்தாழ 7.5 பவுண்டு. இணைப்புக் கேபிள் வழியாக மறுபக்கத் தகட்டையும் இதே கேபிள்தான் இழுக்கிறது என்பதால் 15 பவுண்டு. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு: 6 நாட்டில் 60 பவுண்டு.

சாதாரணமாக ஒரு மென்மையான ஸ்பிரிங்கை, அங்குலத்துக்கு 10 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம், போட்டுவிட்டால், 3 நாட்டிலேயே அது ஒன்றரை அங்குலம் நீள வேண்டும். உங்கள் மொத்தப் பெடல் அசைவே 1.27 அங்குலம்தான். அதாவது நீங்கள் அழுத்தும் பெரும்பகுதியை ஸ்பிரிங்கே விழுங்கிவிடும், தகடு பாதிகூடத் திரும்பாது. நீங்கள் பிப்ரவரியில் பயந்தது இதைத்தான், அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது.

தீர்வு ஸ்பிரிங்கைக் கடினமாக்குவதல்ல, அதற்குத் தொடக்க இறுக்கம் கொடுப்பது. சில இழுவை ஸ்பிரிங்குகளைச் சுற்றும்போதே சுருள்கள் ஒன்றோடொன்று நெருக்கி ஒட்டும்படி சுற்றுவார்கள். குறிப்பிட்ட விசையை எட்டும்வரை அவை திறக்கவே மாட்டா, இரும்புக் கம்பிபோல நிற்கும். எட்டிய பிறகுதான் நீளத் தொடங்கும். உங்களுக்கு 25 பவுண்டு தொடக்க இறுக்கமும் அதற்கு மேல் அங்குலத்துக்கு 15 பவுண்டும் உள்ள ஒன்று பொருந்தும் என்று எண்ணுகிறேன். அது ஏறத்தாழ 4 நாட் வரை நேரடி இணைப்புப்போலவே நடந்துகொள்ளும். அதைவிட வேகமாக ஓடும்போது ஸ்பிரிங் சற்று விட்டுக்கொடுப்பதில் தவறில்லை. வேகம் கூடும்போது எப்படியும் நீர்ச்சுக்கானைத் தூக்கிவிடுகிறீர்கள்.

இனி ஐயா கவலைப்பட்ட நிலை. தகடு முழுவதும் சிக்கிக்கொண்டு, நீங்கள் பெடலை இறுதிவரை அழுத்த வேண்டும். இழுக்கும் பக்க ஸ்பிரிங் 1.27 அங்குலம் நீள வேண்டும்: 25 உடன் 19 சேர்ந்து 44 பவுண்டு. மறுபக்கக் கேபிள் தொய்ந்துவிடும், அது உதவவும் செய்யாது, தடுக்கவும் செய்யாது. கால் வைக்கும் இடம் காதைவிட இரண்டு மடங்கு உயரத்தில் இருந்தால் காலுக்கு 22 பவுண்டு. 2017-க்கு முந்திய அமெரிக்கப் பகுதி 23 விதிகள், பெடலுக்குத் தற்காலிகமாக 150 பவுண்டும், நீடித்து 20 பவுண்டும் உச்சமாகக் கொண்டிருந்தன. வீட்டில் கட்டிய விமானத்தை அந்த விதி கட்டுப்படுத்தாது என்றாலும், அளவுகோலாக அது நல்லது. இறங்கி முடிக்கும்வரை 22 பவுண்டைத் தாங்கலாம்.

பெட்டியில் உள்ள ஸ்பிரிங்கை எடைத் தராசில் தொங்கவிட்டு, எந்த விசையில் சுருள்களுக்கு நடுவே காகிதம் நுழைகிறது, அதற்குப் பிறகு அங்குலத்துக்கு எவ்வளவு என்று அளந்துவிடுங்கள். பத்து நிமிட வேலை.

முதல் பதிலளித்தவர்

ஆசிரியரின் கணக்கை என் அனுபவம் ஒப்புக்கொள்கிறது. நாங்கள் கணக்குப் போட்டதில்லை. கையால் இழுத்துப் பார்த்து, இது போதும், இது போதாது என்று சொல்வோம். ஆனால் முடிவு இதுவே.

இழுவை ஸ்பிரிங்கில் ஒரு பலவீனம் உண்டு. அதன் கொக்கி முனை அறுந்தால் அந்தப் பக்கத் திருப்புக் கேபிள் முழுவதும் போய்விடும். தண்ணீரில், காற்று உங்களைப் பாறைக்கு எதிரே தள்ளிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் அது அறும். ஆகவே ஸ்பிரிங்கின் இரு முனைகளையும் இணைத்து, பக்கவாட்டில் தொய்வாக ஒரு சிறு கேபிள் துண்டைப் பூட்டுங்கள். அதன் தொய்வு 1.27 அங்குலத்துக்கு மேல், ஒன்றரை அங்குலமாகவாவது இருக்க வேண்டும். குறைந்தால் தகடு சிக்கும் நாளில் அந்தத் துண்டே உங்களைச் சிறைப்படுத்திவிடும். கூட்டுக்குள் வைத்து அமுக்கும் வகை ஸ்பிரிங் கிடைத்தால் இந்தத் துண்டு வேண்டியதில்லை. சுருள் உடைந்தாலும் கூடு பிடித்துக்கொள்ளும்.

எல்லாம் பூட்டி முடித்ததும் கடைசிச் சோதனை. இரண்டு நீர்ச்சுக்கான் தகடுகளையும் மரத்துண்டு வைத்துக் கிளாம்ப் போட்டு அசையாமல் இறுக்குங்கள். உள்ளே ஏறி உட்கார்ந்து, இரு பக்கமும் வால்சுக்கான் அதன் நிறுத்தியைத் தொடும்வரை பெடலை அழுத்துங்கள். கேபிள் எங்கும் கப்பியை விட்டு வெளியேறவில்லை, தொய்ந்த பக்கக் கேபிள் எதிலும் மாட்டவில்லை என்பதை வெளியே ஒருவர் நின்று பார்க்க வேண்டும். பிறகு தகடுகளைத் தூக்கிவிட்டு இதையே மறுபடி செய்யுங்கள். தூக்குக் கேபிள், தகடு கீழே இருக்கும்போது தொய்வாகவே இருக்கட்டும்; அடியில் கல் தட்டினால் தகடு தானாக மேலே மடங்க வேண்டும்.

கேட்டவரின் மறுமொழி

பெட்டியில் இருந்த ஸ்பிரிங்குகளை அளந்தேன். ஒன்று 24 பவுண்டில் திறந்தது. மற்றது 11 பவுண்டிலேயே திறந்துவிட்டது, அதன் சுருள்களுக்கு நடுவே ஏற்கெனவே மெல்லிய ஒளி தெரிந்தது. யாரோ அதை ஒருமுறை அளவுக்கு மேல் நீட்டியிருக்கிறார்கள். இரண்டையும் ஒதுக்கிவிட்டு ஒரே தொகுதியைச் சேர்ந்த புதிய இரண்டை வாங்கிவிட்டேன்.

புதிய தாங்கியும் நகர்த்திய வளையமும் பொருத்தி, கேபிளை மாற்றி, கிளாம்ப் சோதனையை நேற்று மாலை முடித்தேன். தகடுகள் இறுகியிருக்க, வால்சுக்கான் இரு பக்கமும் 25 பாகையில் நிறுத்தியைத் தொட்டது. பெடலில் மீன் தராசை மாட்டி இழுத்துப் பார்த்ததில் 23 பவுண்டு காட்டியது. கைப்பிடியைக் கொக்கியில் மாட்டும்போது பென்சில் கோடு இப்போது நகரவில்லை.

கொம்புகளின் பூட்டூசிகளை இரண்டு விட்டங்களில் துளையிட்டுவிட்டேன். சனிக்கிழமை, இந்த வேலையில் கை வைக்காத பக்கத்து ஹேங்கர் (விமானக் கொட்டகை) நண்பர் வந்து தகட்டருகே நிற்கிறார். அவர் கையெழுத்திட்ட பிறகே தண்ணீரில் இறக்குவேன். வாலடித் துடுப்பு வேண்டுமா என்பதை அதற்குப் பிறகு பந்தைப் பார்த்துத் தீர்மானிக்கிறேன்.